தேவப்பிரியத்தின் மகள்

நவம்பர் இரண்டாம் தேதி, மாலை நான்கரை மணி இருக்கும். எண்ணூரில் ரயில் பாதைக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களுக்கும் நடுவே இருக்கிற சின்னக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் திலீப் காரை நிறுத்தினான். திருவொற்றியூரிலிருந்தே கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்ததில் அவனுடைய வெள்ளைக் கார் மங்கிப் போயிருந்தது. இறங்கியதும் பானட்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான்.

“இது புழுதியா, சாம்பலா?”

“ரெண்டும்தான்” என்றேன்.

அன்று கல்லறைத் திருநாள். வருடத்தில் அந்த ஒரு நாள் எங்கள் ஆட்கள் இறந்தவர்களைப் பார்க்கப் போவார்கள். கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். சின்ன வயதில் எனக்கு அது திருவிழா. காசிமேட்டுக் கல்லறையில் அப்பாவின் குழியருகே அம்மா முட்டி போட்டிருப்பாள். நான் வழிகிற மெழுகை விரலில் எடுத்து உருட்டிக்கொண்டிருப்பேன்.

இந்த நேரத்திலும் அம்மா அங்கேதான் இருப்பாள். அதனால்தான் திலீப்பை எண்ணூருக்குக் கூட்டிவந்தேன்.

என் அம்மா இறந்துவிட்டாள் என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

அதைச் சொல்ல நான் திட்டமிடவில்லை. நீலாங்கரையில் அவர்கள் வீட்டுக்கு முதல் முறை போனபோது அவன் அம்மா தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்து, “உங்க அம்மா என்னம்மா பண்றாங்க?” என்று கேட்டார். ராயபுரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள், காசிமேட்டில் இறால் உரிக்கிறாள், விரல் நுனிகள் வெந்து வெளுத்திருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. இதையெல்லாம் சொல்வதற்கு நிறைய வார்த்தைகள் வேண்டும். இறந்துவிட்டாள் என்பதற்கு ஒரு வார்த்தை போதும். “நாலு வயசுலயே” என்று சேர்த்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கை சந்தன மணமாக இருந்தது. அந்த மணம் எனக்குப் பிடித்திருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்ததும் திலீப் பிடிவாதமாகக் கேட்டான். “உங்கம்மா கிட்ட பர்மிஷன் வாங்காம எப்படி? எங்க அடக்கம் பண்ணாங்க?” தூரமாகச் சொன்னால் விட்டுவிடுவான் என்று நினைத்து எண்ணூர் என்றேன். அவன் விடவில்லை.

உள்ளே எல்லாக் கல்லறைகளிலும் பூவும் வெளிச்சமுமாக இருந்தது. குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. யாரோ ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. நான் பூக்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். எனக்கு வேண்டியது யாரும் வராத ஒரு கல்லறை.

மதிலோரம் அது இருந்தது. அதன் மேல் மட்டும் பூ இல்லை, திரி இல்லை. மெல்லிய சாம்பல் போர்வை மாதிரி படிந்திருந்தது. கல்லில் பெயர் தெரிந்தது. கீழே இருந்த வருடங்கள் மண்ணுக்குள் போயிருந்தன.

“தேவப்பிரியமா?” என்றான் திலீப். “அழகான பேரு. நீ சொன்னதே இல்லயே.”

நான் முட்டி போட்டேன். அழ வேண்டும். காமிரா முன்னால் அழ வேண்டுமென்றால் எனக்கு ஒரு வழி இருக்கிறது. கண்ணை இமைக்காமல் ஒரு புள்ளியைப் பார்ப்பேன். அந்தப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தேன். கண்ணீர் வந்தது.

“அம்மா” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், அவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. “உன் பொண்ணு வந்திருக்கேம்மா.”

ஏற்றி வைத்த மெழுகுவர்த்திச் சுடர் ஆடாமல் நின்றது. கடல் காற்று என் முடியையெல்லாம் கலைத்துக்கொண்டிருந்தது.

திலீப் என் பக்கத்தில் குந்தி, “ஆன்ட்டி, உங்க பொண்ண நான் பாத்துக்கறேன்” என்று கல்லிடம் சொன்னான். பிறகு சற்றுத் தள்ளிப் போய் என்னைப் படம் எடுத்தான். படத்தைச் சரிபார்த்துக்கொண்டே வாசல் பக்கம் நடந்தான்.

அப்போதுதான் பின்னால் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். கையில் விளக்குமாறு. கல்லறைகளைக் கூட்டிக் கழுவுகிறவள், முப்பிடாதி என்று பெயர். அவளிடம்தான் வாசலில் மெழுகுவர்த்தி வாங்கியிருந்தேன்.

“இன்னா பாப்பா” என்றாள் மெதுவாக. “தேவப்பிரியத்துக்குப் புள்ளையே கெடயாதே.”

திலீப்புக்குக் கேட்டிருக்குமோ என்று வாசல் பக்கம் பார்த்தேன்.

“நாந்தான் அத்த வெச்சிப் பாத்துகினேன், கடசி ரெண்டு வருசம். ஒரு கொயந்த தங்கல அதுக்கு. தெருவுல போற புள்ளைங்கள எல்லாம் கூப்ட்டுக் கூப்ட்டு சோறு போடும். புள்ள, புள்ளன்னே செத்துப்போச்சி.”

“அக்கா, ப்ளீஸ். அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“நா எதுக்குச் சொல்றேன்.” அவள் வாசல் பக்கம் பார்த்தாள். “நீ சொன்னத அவுரு நம்பிட்டாரு. செரி. இதுவும் நம்பிடுச்சின்னா இன்னா பண்ணுவ?”

நான் எழுந்தேன். முட்டியில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டினேன். அது எளிதில் போகவில்லை.

*

என் பெயர் ஆன்சி. போஸ்டர்களில் ஆன்யா. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கிற சந்திலிருந்து வெளியேற எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. ஒவ்வொரு தூரத்துக்கும் ஓர் ஆண்.

ஐஸ் கம்பெனியில் வேலை செய்த பென்னியின் பைக்கில்தான் முதல் படப்பிடிப்புக்குப் போனேன். திரும்பும்போது போட்டோகிராபர் அப்சலின் காரில் வந்தேன். பென்னி இரண்டு மணி நேரம் வாசலில் காத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்சல் என் கறுப்பை வெளிச்சத்தில் வைத்து எனக்கே காட்டினான். நான் காதலித்தது அவன் எடுத்த படங்களைத்தான். விளம்பர நிறுவனத்துத் தாமோதரனுக்குக் கோயம்புத்தூரில் மனைவி இருந்தாள். அவர் எனக்கு எந்த முள்கரண்டியை எப்போது எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார். ‘இன்னா’ என்று நாக்கில் வருவதற்கு முன் நிறுத்தவும் பழக்கினார். கண்ணை மூடினால் இவர்களில் ஒருவர் முகமும் நினைவுக்கு வருவதில்லை. அறைகள் நினைவிருக்கின்றன. ஏசி ஓடும் சத்தம், கண்ணாடிக்கு மேல் எரிந்த விளக்கு, அந்தக் கண்ணாடியில் தெரிந்த நான்.

திலீப் கடைசி. பெரிய பட்டு ஜவுளி வியாபாரக் குடும்பம். நல்லவன். அவனை நேசிக்கிறேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

அன்றிரவே அவன் அந்தப் படத்தை எல்லோரும் பார்க்கப் போட்டுவிட்டான். கல்லின் மேல் கை வைத்து நான் அழுகிற படம். காலையில் பார்த்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் அம்மாவின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நான் கைகூப்பி நன்றி சொன்னேன்.

*

நான்காம் நாள் ஒரு நகை விளம்பரம். ஒப்பனை அறையில் எனக்கான ரவிக்கை தொங்கிக்கொண்டிருந்தது. பின்கழுத்து இடுப்பு வரை திறந்து, இரண்டு கயிறு மட்டும் கட்டுகிற மாதிரி தைத்தது. உடை பார்க்கிற பெண் அதை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“யாரு இத தச்சது?”

முதுகுத் திறப்பு முழுவதும் தைக்கப்பட்டிருந்தது. தடித்த கறுப்பு நூல். நெருக்கமான, பொறுமையான கைத்தையல். உள்ளே ஓரம் மடித்து, தோலில் உறுத்தக்கூடாது என்று ஒரு பழைய வெள்ளைத் துணியை ஒட்டுப் போட்டிருந்தது.

பெண் பிள்ளைக்கு ஒரு தாய் தைத்துக் கொடுப்பது போல.

அவள் கத்தரிக்கோலால் நூலைப் பிரித்தாள். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் கொஞ்சம் சாம்பல் உதிர்ந்தது. நான் அதைப் பார்க்காதது போல உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டேன்.

வேலை மதியத்தோடு முடிந்தது. பெசன்ட் நகரில் நான் தனியாக இருக்கிற வீட்டுக்கு இரண்டு மணிக்குத் திரும்பினேன். பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் வாசனை வந்தது.

என் அடுப்பில் சமையல் நடந்து மாதங்களாகியிருந்தன. இப்போது அதன் மேல் ஒரு பாத்திரம் இருந்தது. தட்டு போட்டு மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

சூடு.

நொய்க்கஞ்சி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்திருந்தது.

ஜன்னல்கள் மூடியிருந்தன. சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. அறையில் யாரும் இல்லை. ஆனால் யாரோ இப்போதுதான் நகர்ந்து, நான் சாப்பிடட்டும் என்று ஓரமாக நிற்பது போல இருந்தது. கதவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவிலிருந்த அந்தக் கொஞ்சம் இடத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஓடியிருக்க வேண்டும். நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எடை குறைக்க வேண்டுமென்று எட்டு மாதமாகச் சரியான சோறு தின்னாதவள் நான். நின்றபடியே, கையாலேயே, பாத்திரம் காலியாகும்வரை தின்றேன். கண்ணில் நீர் வழிந்தது. இந்த முறை நான் எந்தப் புள்ளியையும் பார்க்கவில்லை.

கடைசி வாய் உள்ளே போனதும் என் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், திருப்தியாக யாரோ மூச்சு விட்டார்கள்.

*

மறுநாள் காலை அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவள் என்னைக் கூப்பிடுவதே இல்லை; வேலை நேரத்தில் தொந்தரவு செய்யாதே என்று நான் எப்போதோ சொல்லியிருந்தேன்.

“ஆன்சி. வேலையா கீறியாம்மா? ஒரே ஒரு நிமிசம்.”

“சொல்லும்மா.”

“ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழம கோயில்ல நன்ம வாங்கப் போனேன். சாமியாரு எனக்கு முன்னாடி நின்னவளுக்கு அப்பம் குடுத்தாரு. எனக்குப் பின்னாடி நின்னவளுக்குக் குடுத்தாரு. நா வாயத் தொறந்துகினே நின்னேன். என்னியப் பாக்கவே இல்ல.”

“கூட்டத்துல தவறியிருக்கும்.”

“அதான் நெனச்சேன். கம்பெனில மூணு நாளா நா வரலன்னு எய்திக்கிறாங்க. நா அங்கியேதான் குந்திகினு எறா உரிச்சினு கீறேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “ஆன்சி, நா உசுரோடதானடி கீறேன்?”

அன்றே கிளம்பினேன். ராயபுரத்துக்குப் போய் எட்டு மாதமாகியிருந்தது. டாக்சியைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நடந்தேன். வெயிலுக்காக அல்ல.

அம்மா கதவருகே நின்றிருந்தாள். என்னைவிட ஒரு சாண் உயரம் குறைந்தவள், இப்போது இன்னும் குறைந்து தெரிந்தாள். மெலியவில்லை. நிறம்தான் குறைந்திருந்தது, பலமுறை துவைத்த சேலை போல. அவள் என்னைத் தொட வந்து, கையை முகர்ந்து பார்த்து, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“கலீஜா கீது கை. நீ உக்காரு.”

உட்கார்ந்தேன். அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

“நீ வேலைக்கு வெச்சிகிறியே ஒரு பொம்பள, அது நல்ல மாதிரிடி.”

“யாரு?”

“சமையலுக்கு வெச்சிகிறியே. நாலு நாளா சாயங்காலம் நாலு மணிக்கு வந்து சந்துல நிக்கிது. உள்ள வான்னா வராது. கூச்சம். நேத்து முந்தானாள் கிட்ட வந்து, ‘புள்ளைக்கி இன்னா புடிக்கும்’னு கேட்டுச்சி. நொய்க்கஞ்சியும் நெத்திலிக் கருவாடும்னேன். சின்னதுல முதுவு தெரியிற மாதிரி சட்ட போட்டா சளி புடிக்கும்னு அத்தயும் சொன்னேன்.”

நான் சமையலுக்கு யாரையும் வைத்ததில்லை.

“அது யாருன்னு கேட்டியாம்மா?”

“கேட்டேன். ‘நானும் அம்மாதான்’னுச்சி.” அம்மா தன் வெளுத்த விரல் நுனிகளைப் பார்த்தாள். “செவுத்தப் புடிச்சிகினு நின்னுச்சி, பாவம். போனதுக்கு அப்பால பாத்தா செவுரெல்லாம் சாம்பல்.”

அப்போது பக்கத்து வீட்டு ஜானட் உள்ளே வந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருத்தி.

“ஆன்சி குட்டியா? இன்னாடி, சொல்லாமக் கொள்ளாம. இருட்டுல தனியா குந்திகினு கீற?”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “நா கீறேன்ல ஜானட்” என்றாள்.

ஜானட் அவளைத் தாண்டி வந்து என் கன்னத்தைப் பிடித்தாள். அவளுடைய சேலை முனை அம்மாவின் முகத்தில் பட்டு விலகியது.

“போன்ல ஒன் போட்டோவப் பாத்தேண்டி. அயுதுகினு கீறியே. எனக்கே அயுவ வந்துச்சி.” அவள் சட்டென்று நெற்றியைச் சுருக்கினாள். எதையோ தேடுவது போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். “ஒங்கம்மா... ஹில்டா... எப்ப போச்சி? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குதே.”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் எதிர்பார்த்தது கோபம். வரவில்லை. ஜானட் போன பிறகு அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு கேட்டாள்.

“கல்யாணம் நல்ல எடமாடி?”

*

அங்கிருந்தே முப்பிடாதியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லறைத் தோட்டத்தில் அன்று யாரும் இல்லை. திருநாளன்று வைத்த பூக்களெல்லாம் சாம்பல் படிந்து ஒரே நிறமாகிவிட்டிருந்தன. மதிலோரக் கல்லறை மட்டும் சுத்தமாக இருந்தது.

“நா கூட்டல” என்றாள் முப்பிடாதி. “நா வர்றதுக்கு முன்னாடியே கூட்டிக் கீது. தெனமும். வூட்டுக்கு ஆளு வரப்போவுதுன்னா கூட்டி வெப்பாங்களே, அந்த மாதிரி.”

“நான் மன்னிப்புக் கேட்டுட்டேன் அக்கா. இப்பக்கூட மனசுக்குள்ள கேட்டேன்.”

“மன்சுல இன்னா கீதுன்னு செத்தவங்களுக்கு இன்னா தெரியும் பாப்பா. வாயால சொன்னதுதான் தெரியும். அம்மான்னு வாயால கூப்ட்ட. அதும் ஒரு ஆள சாட்சி வெச்சிகினு.” அவள் விளக்குமாற்றைத் தரையில் தட்டிச் சீராக்கினாள். “பெத்தவளக் கூட்டியா. அவுரயும் கூட்டியா. தோ, இங்க நின்னு, இது எங்கம்மா இல்ல, இவுங்கதான் எங்கம்மான்னு சொல்லு. அவுரு காதுல வுயணும். அவ்ளோதான். அது பேஜாரு பண்ற ஜென்மம் இல்ல. இல்லன்னு தெரிஞ்சா போயிடும். பாவம், அதுக்கு அது பயக்கம்தான்.”

“உடனே பண்ணணுமா?”

முப்பிடாதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒங்கம்மாவ இன்னிக்கிப் பாத்த இல்ல? நாளிக்கும் பாக்கணுமா, வாணாமா?”

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன். அன்றே திலீப்பைக் கூப்பிட்டிருக்கலாம். வெள்ளி முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு முடியட்டும், திங்கட்கிழமை சொல்லலாம் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. அந்தக் கணக்கைப் போட்டவள் நான்தான். மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். அவள் குரல் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் திலீப்பைக் கூப்பிட்டேன்.

*

சனிக்கிழமை மாலை நான்கு மணி. அம்மா தன்னிடமிருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆட்டோக்காரர் என்னிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இருந்தது. எடை இல்லை.

மதிலோரம் நின்றோம். நான், அம்மா, கொஞ்சம் தள்ளி முப்பிடாதி. காற்று முற்றிலும் நின்றிருந்தது. கழிமுகத்துச் சேற்று வாடையும் அணைந்த திரிகளின் வாடையும் கலந்து வந்தன.

“பயந்துக்காத” என்றாள் அம்மா. “கோச்சிகினா கோச்சிகினு போறாரு. நா கீறேன்.”

திலீப் வாசலில் வருவது தெரிந்தது. கையில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“ஆன்யா, அம்மா வீடியோல இருக்காங்க. நாளைக்கு ஃபங்ஷன், அதுக்கு முன்னாடி அவங்களும் கல்லறையப் பாத்துக் கும்பிடணுமாம்.”

போனில் அவன் அம்மாவின் முகம். பின்னால் வீட்டுக் கூடத்தில் மலர்த் தோரணங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். “ஆன்யாம்மா” என்றார் அவர். “ஏன் முகம் வாடியிருக்கு? உங்கம்மா நினைப்பா? இனிமே நான் இருக்கேன்ல.”

என் காதுக்குள் முப்பிடாதியின் குரல். “சொல்லு பாப்பா.”

வாயைத் திறந்தேன்.

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றேன். “இது...”

கல்லறைக் கல் லேசாக நடுங்கியது. யாரோ அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல.

“அது யாரு?” என்றார் திலீப்பின் அம்மா. “உன் பக்கத்துல யாரோ நிக்கறாங்களே, பட்டுப் புடவைல.”

அவருக்கு என் அம்மா தெரிந்தாள். திலீப்பும் பார்த்தான். அவன் கண்ணிலும் அம்மா தெரிந்தாள். நான் சொல்லத் தொடங்கியிருந்தேன், அதனால்தானோ என்னவோ, அம்மாவின் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. என் விரல்களுக்கிடையில் அவள் விரல்கள் சூடாகி, கனத்து, இறால் வாடையோடு இருந்தன. அந்த வாடை திலீப்பை எட்டியது. அவன் மூக்கு, அவனுக்கே தெரியாமல், சுருங்கியதை நான் பார்த்தேன்.

அதை மட்டும்தான் பார்த்தேன்.

அம்மாவின் கையை விட்டேன்.

“இவங்களா” என்றேன். “இங்க கல்லறையெல்லாம் கழுவுறவங்க, ஆன்ட்டி.”

ரயில் பாதையில் ஒரு சரக்கு வண்டி போய்க்கொண்டேயிருந்தது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“ஆமாங்கம்மா” என்றாள்.

முப்பிடாதியிடம் போய் அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, தேவப்பிரியத்தின் கல்லறையைக் கூட்டத் தொடங்கினாள். அங்கே கூட்டுவதற்கு எதுவும் இல்லை.

“போச்சி” என்றாள் முப்பிடாதி. அவ்வளவுதான் சொன்னாள்.

திலீப் பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். “நல்லா பாத்துக்கோங்க.” அவள் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் விரல்களின் வழியாகவே நோட்டு எனக்குத் தெரிந்தது.

அவன் கேட்டான், “என்னவோ சொல்லணும்னியே?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு சீக்கிரம் வரணும், அதான்.”

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். விளக்குமாறு தரையில் உரசும் சத்தம் வாசல்வரை கேட்டது. வாசலைத் தாண்டும்போது நின்றுவிட்டது.

திலீப் கார்க் கதவைத் திறந்துவிட்டான். உட்கார்ந்தேன். கண்ணாடியில் வாசலுக்கு உள்ளே மதிலோரக் கல்லறை தெரிந்தது. மதிலருகே முப்பிடாதி ஒருத்திதான் நின்றிருந்தாள். அவள் குனிந்து தரையிலிருந்து ஒரு விளக்குமாற்றை எடுத்தாள். அதன் பக்கத்தில் கிடந்த ஒரு நோட்டையும்.

“அம்மா” என்றேன். இந்த முறை யாருக்கும் கேட்காமல்தான் சொன்னேன்.

கார் நகர்ந்தது. நாலு அடி போவதற்குள் வண்டிக்குள் பெல்ட் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. டிக், டிக், டிக் என்று. என் பெல்ட்டைப் பார்த்தேன். போட்டிருந்தேன். திலீப்பும் போட்டிருந்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னியது. பின் இருக்கையில், எனக்கு நேர் பின்னால், ஒருவர் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக அது காட்டியது.

திலீப் சாலையைப் பார்த்தபடியே, மிகச் சாதாரணமாகச் சொன்னான்.

“அம்மாவ பெல்ட் போட்டுக்கச் சொல்லு, ஆன்யா.”

நான் அசையவில்லை.

பின்னால் பழக்கமில்லாத விரல்கள் எதையோ தடவித் தேடும் சத்தம் கேட்டது. இறால் வாடை இல்லை, சாம்பல் வாடைதான் வந்தது. பெல்ட் மெதுவாக இழுபட்டது.

க்ளிக்.

மணி நின்றது.